வயிற்றில் பட்டாம்பூச்சியா, புளியா?

1983-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஸிக்மண்ட், ஸ்நெய்த் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 14 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். உடம்புக்கு முடியாமல் மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு உள்ளுக்குள் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துகொள்ள உதவும் படிவம் அது. 'ஹேட்ஸ்' என்ற சுருக்கப் பெயரோடு இன்று உலகெங்கும் புழங்குகிறது. அதன் ஒன்பதாவது கேள்வி ஒருவிதமான பயத்தைப் பற்றியது. வயிற்றுக்குள் பட்டாம்பூச்சிகள் படபடப்பதுபோல ஒரு பயம் வருகிறதா, வந்தால் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று கேட்கும்.

ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு இதில் குழப்பம் இல்லை. தேர்வுக்கு முந்தைய நிமிடம், மேடை ஏறும் கணம், மருத்துவர் அழைக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் அவர் சொல்லும் வார்த்தை அது. நம் ஊரில், ஸ்கேன் முடிவுக்காக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் இதே கேள்வியை அப்படியே கேட்டால் என்ன ஆகும்? பட்டாம்பூச்சி என்றதும் அவருக்கு நினைவுக்கு வருவது பூந்தோட்டம். இல்லையென்றால், சினிமாவில் காதல் பூத்த உடனே பறக்கும் பட்டாம்பூச்சிகள். எப்படிப் பார்த்தாலும் மகிழ்ச்சி. "அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க" என்பார். படிவத்தில் பூஜ்யம் விழும். அதே நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருப்பார்: "காலையிலேருந்து வயித்துல புளியைக் கரைக்குதுக்கா."

இரண்டு மொழியும் பயத்தை வயிற்றில்தான் வைத்திருக்கின்றன. ஒன்று இறகால் சொல்கிறது, மற்றது புளியால் சொல்கிறது. படிவத்தைத் தமிழாக்குகிறவர் எதை எழுத வேண்டும் என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இந்தத் துறையில் பல ஆண்டுகளாகப் பெரிதும் நம்பப்பட்ட ஒரு சோதனை, புளியைத் தள்ளிவிட்டுப் பட்டாம்பூச்சியைத்தான் தேர்ந்தெடுக்கும்.

அந்தச் சோதனையின் பெயர் பின்மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் படிவத்தை ஒருவர் தமிழாக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடியும் ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு சரி என்று கையெழுத்திடுவார்கள். தமிழ் தெரியாத ஆய்வுத் தலைவருக்கும் தமிழ்ப் படிவத்தைச் சோதிக்க இது வழி செய்கிறது. அதன் கவர்ச்சியும் அதுதான். 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இன்றுவரை மேற்கோளாகக் காட்டப்படுகிறது. அதே கட்டுரையில் அவர் எச்சரிக்கையும் செய்திருந்தார். மோசமான மொழிபெயர்ப்பிலிருந்தும் திறமையான ஒருவர் மூலத்தை ஊகித்துவிட முடியும், ஆகவே ஒற்றுமை நம்மை ஏமாற்றலாம் என்றார். எச்சரிக்கையை மறந்துவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

நம் கேள்வியையே இந்தச் சோதனையில் போட்டுப் பாருங்கள். 'வயிற்றில் பட்டாம்பூச்சி' என்று எழுதினால் பின்மொழிபெயர்ப்பில் எழுத்துப் பிசகாமல் அதே ஆங்கிலத் தொடர் திரும்பி வரும். முழு மதிப்பெண். 'வயிற்றில் புளியைக் கரைப்பதுபோல' என்று எழுதினால் புளி, வயிறு, கரைசல் என்று ஏதோ சமையல் குறிப்பு மாதிரி ஆங்கிலம் வரும். கூட்டத்தில் புருவங்கள் உயரும். நோயாளிக்குப் புரியாதது தேறுகிறது, புரிவது தோற்கிறது. மொழிபெயர்ப்பாளர் அடுத்த முறை முன்னெச்சரிக்கையாகச் சொல்லுக்குச் சொல் எழுதிவிடுவார். ஆங்கில வாக்கியத்தின் நிழலாக நடக்கும் தமிழ் நம் அரசுப் படிவங்களிலும் மருத்துவமனைத் துண்டறிக்கைகளிலும் நிறைந்திருக்க இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வெப்பமானிக்கு மொழி தெரியாது. லண்டனில் 101 டிகிரி காட்டும் காய்ச்சலை மதுரையிலும் 101 என்றுதான் காட்டும். ஆனால் வலி, சோர்வு, பயம், மறதி, மூச்சுத்திணறல் ஆகியவற்றை அளக்க நம்மிடம் இருக்கும் கருவி கேள்வி ஒன்றுதான். கேள்வி வார்த்தைகளால் செய்யப்பட்டது. வார்த்தையை மாற்றினால் கருவியே புதிது. புதிய தராசை எடைக்கல் வைத்துப் பார்க்காமல் யாரும் கடையில் மாட்டுவதில்லை.

வார்த்தைக்கு முன்பு வாழ்க்கை இருக்கிறது. என் அம்மாவுக்கு முடக்குவாதம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் அவருடைய மூட்டுகளின் நிலையை அறிய ஒரு படிவத்தை நிரப்பினார்கள். செவிலியர் இளம்பெண், பொறுமையானவர்.

"அம்மா, டப்புல ஏறி இறங்கிக் குளிக்க முடியுதா?"

"டப்பா? நாங்க வாளியில தண்ணி மொண்டு ஊத்திக்குவோம்மா."

"கார் கதவைத் திறக்க முடியுதா?"

"நமக்கு ஏதும்மா காரு?"

செவிலியர் என்னைப் பார்த்தார். நானும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். இரண்டு கேள்விக்கும் 'சிரமம் இல்லை' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. அம்மாவுக்கு அப்போது தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாது. அரிவாள்மனையில் காய் நறுக்குவதை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குப் போனால் குந்தி உட்காரும் கழிப்பறையை நினைத்தே முதல் நாள் இரவு சரியாகச் சாப்பிடமாட்டார். இவை எதையும் அந்தத் தாள் கேட்கவில்லை. அன்றைய மதிப்பெண்ணைப் பார்த்தால் அவர் தேறி வருகிறார் என்றுதான் தோன்றும்.

அந்த மாதிரிக் கேள்விகளின் மூலம் 1980-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் வெளியிட்ட 'ஹாக்' என்ற படிவம். அங்கே குளியல் தொட்டி பெரும்பாலான வீடுகளில் உண்டு. இறைச்சியைக் கத்தியால் வெட்டுவதும், பால் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதும் அன்றாட வேலைகள். அங்கே அது சரியான கேள்வி. 2002-இல் தில்லி மருத்துவர்கள் இதன் இந்திய வடிவத்தைச் சோதித்து வெளியிட்டார்கள். 12 கேள்விகள். புடவையோ வேட்டியோ சல்வாரோ தானே உடுத்திக்கொள்ள முடிகிறதா, குந்தவோ தரையில் சம்மணமிட்டு உட்காரவோ முடிகிறதா, ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா, காய்கறிச் சந்தைக்குப் போய்வர முடிகிறதா என்று அது கேட்கிறது. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. யாரோ என் அம்மாவை ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. கேள்விகள் நம் வாழ்க்கைக்கு ஏற்ப மாறியிருக்கின்றன. நோக்கம் மட்டும் மாறவில்லை: இந்தக் கையும் காலும் இவருடைய நாளை நடத்த உதவுகின்றனவா?

பொதுவான உடல்நலத்தை அளக்கும் 'எஸ்எஃப்-36' என்ற புகழ்பெற்ற படிவத்திலும் இதே சிக்கல் உண்டு. மிதமான உழைப்புக்கு அது தரும் எடுத்துக்காட்டுகள் மேசையை நகர்த்துவது, தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ளுவது, பவுலிங், கோல்ஃப். கோல்ஃபைத் தமிழில் எழுதுவது சுலபம். அதற்கு ஈடாக எத்தனை குடம் தண்ணீர், எத்தனை நேரம் நாற்று நடவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அடுத்தது சொல். தமிழ் ஒன்றுதான் என்று நாம் பெருமையாகச் சொன்னாலும் நோயைப் பேசும் தமிழ் பல. தமிழ்நாட்டில் 'வருத்தமாக இருக்கிறதா?' என்று கேட்டால் மனத்துயரத்தைக் கேட்கிறோம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வருத்தம் என்றால் நோய். வருத்தக்காரர் என்றால் நோயாளி. 'கவலை' இங்கே நாளையைப் பற்றிய நினைப்பு, அங்கே பெரும்பாலும் துக்கம். சென்னையில் நன்றாகச் சரிபார்க்கப்பட்ட ஒரு மனச்சோர்வுப் படிவத்தைப் பாக் நீரிணையின் அக்கரைக்கு எடுத்துப்போனால் 'துயரமாக உணர்கிறீர்களா' என்ற கேள்வி 'உடம்புக்குச் சுகமில்லையா' என்று மாறிவிடும். காய்ச்சலில் படுத்தவர் 'ஆம்' என்பார், கணவரை இழந்தவர் 'இல்லை' என்பார். லண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் தமிழர்களில் மிகப் பலர் ஈழத்திலிருந்து போனவர்கள். அங்குள்ள மருத்துவமனைகள் தமிழ்ப் படிவம் ஒன்றைத் தேடும்போது எந்தத் தமிழ் என்று கேட்டே ஆக வேண்டும். பட்டாம்பூச்சிக்குக்கூட அவர்கள் ஊரில் வண்ணத்துப்பூச்சி என்றுதான் பெயர்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே சிக்கல் குறைவில்லை. 'மன அழுத்தம்' என்ற சொல் ஒரு பத்திரிகையில் வேலைப்பளுவால் வரும் நெருக்கடியைக் குறிக்கிறது, இன்னொன்றில் மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டியிருக்கும் மனச்சோர்வு நோயைக் குறிக்கிறது. இரண்டும் மருத்துவத்தில் வேறு வேறு. 'மயக்கம் வந்ததா?' என்றால் தலைசுற்றலா, நினைவு தப்பியதா என்று பதிலை வைத்துச் சொல்ல முடியாது. வலிப்பு நோயைத் தேடும் ஆய்வில் இந்த ஒரு சொல் கணக்கையே மாற்றிவிடும். 'இளைப்பு' மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம், உடம்பு மெலிவதாகவும் இருக்கலாம்.

இன்னொரு பக்கம், ஆங்கிலத்தைவிடத் தமிழ் கூர்மையாக இருக்கும் இடங்களும் உண்டு. கனடாவின் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலிப் படிவத்தில் வலியை வருணிக்கும் 78 சொற்கள் 20 குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தால் அகராதி தேவைப்படாது, பாட்டிதான் தேவை. குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிசைவு, விண்விண் என்று தெறிப்பது, சுள்ளென்று இழுப்பது, மரத்துப்போவது எல்லாம் அவரிடம் தயாராக இருக்கும். எது காதுக்கு, எது கால் எலும்புக்கு, எது பிரசவத்துக்கு என்றும் தெரியும். 78 ஆங்கிலச் சொற்களுக்கும் ஒவ்வொரு இணைச்சொல் தேடுவதைவிட, நம் நோயாளிகள் தாமாகச் சொல்லும் சொற்களைச் சேர்த்து, அவற்றை வலியின் கடுமைப்படி வரிசைப்படுத்தச் சொன்னால் நல்ல கருவி கிடைக்கும்.

சொல்லை மட்டும் நம்ப வேண்டாம் என்று முடிவெடுத்த ஆய்வும் உண்டு. 1990-களில் குழந்தைகளின் ஆஸ்துமாவை உலகெங்கும் ஒரே முறையில் அளக்க 'ஐசாக்' என்ற பெரும் ஆய்வு தொடங்கியது. 1998-இல் வெளிவந்த அதன் முதல் கட்ட முடிவுகளில் 56 நாடுகளின் 155 மையங்களைச் சேர்ந்த, 13, 14 வயதுள்ள 4,63,801 மாணவர்கள் இடம்பெற்றிருந்தார்கள். ஆஸ்துமாவின் முக்கிய அறிகுறி மூச்சு விடும்போது நெஞ்சில் எழும் விசில் போன்ற ஒலி. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல் உண்டு. பல மொழிகளில் தனிச்சொல்லே இல்லை. நாமும் வீசிங் என்று அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் கடன் வாங்கியிருக்கிறோம். எழுத்துக் கேள்விகளோடு ஒரு காணொளியையும் ஆய்வாளர்கள் தயாரித்தார்கள். அதில் இளைஞர்கள் சிலர் மூச்சுத்திணறுவார்கள். ஒருவர் உட்கார்ந்த இடத்தில், ஒருவர் ஓடி முடித்ததும், ஒருவர் நள்ளிரவில் விழித்தெழுந்து. 'உனக்கு இப்படி வந்திருக்கிறதா?' என்பதே அடிப்படைக் கேள்வி. வார்த்தை வழுக்கும் இடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுத்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த தீர்வுகளில் இதுவும் ஒன்று.

கேள்வி சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பதில்? 'ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், அடிக்கடி, எப்போதும்' என்று ஐந்து கட்டங்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே இடைவெளி சமமாக இருக்கிறது என்று கணக்குப்போடும் கணினி நம்புகிறது. தமிழில் 'எப்போதாவது' என்பதற்கும் 'சில சமயம்' என்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம்?

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஒரு படிவத்தை உருவாக்கியபோது, ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மற்ற மொழிகளுக்குப் பெயர்க்கும் வழக்கத்தை விட்டது. ஹராரே, பாங்காக், டோக்கியோ, பார்சிலோனா என்று 15 மையங்கள் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கின. அவற்றில் தில்லியும் மெட்ராஸும் இருந்தன. பதில் சொற்களைத் தேர்ந்தெடுக்க அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. இடது முனையில் 'ஒருபோதும் இல்லை', வலது முனையில் 'எப்போதும்'. அந்தந்த மொழிக்காரர்களிடம் இடைப்பட்ட சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, இந்தச் சொல் கோட்டில் எங்கே விழும் என்று குறிக்கச் சொன்னார்கள். பலர் குறித்த இடங்களின் சராசரியைப் பார்த்து, கால், அரை, முக்கால் தூரங்களுக்கு அருகே விழுந்த சொற்களை எடுத்துக்கொண்டார்கள். சொல்லின் எடை அகராதியிலிருந்து வரவில்லை, பேசுகிறவர்களின் விரல் நுனியிலிருந்து வந்தது. நீங்களும் ஒரு தாளில் கோடு போட்டு 'அவ்வப்போது', 'அடிக்கடி', 'ஓரளவு', 'கொஞ்சம்' ஆகியவற்றைக் குறியுங்கள். வீட்டில் இன்னொருவரிடமும் கொடுங்கள். 'கொஞ்சம்' நிச்சயம் சண்டை மூட்டும். 'கொஞ்சம் வலிக்குது' என்று நம் பெரியவர்கள் சொன்னால் இரண்டு இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறார்கள் என்று பொருள்.

'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டே பதில் இருந்தாலும் தமிழில் ஒரு பொறி உண்டு. 'தூக்கம் வரலையா?' என்று கேட்டால் ஒருவர் 'ஆமா' என்பார், தூக்கம் வரவில்லை என்ற பொருளில். இன்னொருவர் 'இல்லை' என்பார், அவருக்கும் தூக்கம் வரவில்லை. எதிர்மறைக் கேள்வியைத் தமிழ்ப் படிவத்தில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்ற நம் இரட்டை வழக்கும் இங்கே குறுக்கே வருகிறது. படிவத்தில் 'கடந்த இரண்டு வாரங்களில் தாங்கள் எவற்றிலும் நாட்டமின்றி இருந்தீர்களா' என்று அச்சாகியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து அதைப் படிக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்ததும் தானாகவே மாற்றிக்கொள்வார்: 'போன பதினஞ்சு நாளா எதுலயும் மனசு ஒட்டாம இருக்கா?' அவர் செய்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பத்துச் செவிலியர்கள் பத்து விதமாக மாற்றினால் அந்த ஊரில் பத்துப் படிவங்கள் ஓடுகின்றன. பேசும் தமிழை முதலிலேயே, அந்தச் செவிலியர்களையே உட்காரவைத்து எழுதி அச்சிட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நாம் இன்னும் பேச்சுத் தமிழை அச்சில் ஏற்றத் தயங்குகிறோம். மருத்துவத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடம் இருக்கக் கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தப் படிவங்கள் இழைத்த அநீதி தனிக்கதை. முதுமையில் வரும் மறதி நோயைக் கண்டறிய 1975 முதல் புழங்கும் எம்எம்எஸ்இ என்ற 30 மதிப்பெண் சோதனையில், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டி இவை அனைத்திலும் தோற்பார். அவருடைய நினைவாற்றல் அப்பழுக்கில்லாமல் இருக்கலாம். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை ரூபாய் மொய் எழுதினோம் என்று முப்பது வருஷக் கணக்கை ஒப்பிப்பார். தாளைப் பொறுத்தவரை அவருக்கு நோய்.

ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்த மேரி கங்குலி குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஹிந்தி வடிவம் இதைப் பிரித்துப் போட்டுத் தைத்தது. ஏழு கழிப்பதற்குப் பதில் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். கவனம் சிதறாமல் இருக்கிறதா என்பதுதானே தெரிய வேண்டும். படித்துவிட்டுக் கண்ணை மூடு என்பதற்குப் பதில், என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள். எழுத வேண்டிய வாக்கியத்துக்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள். நினைவில் வைக்க மாம்பழம், நாற்காலி, நாணயம். மூலத்தில் நாக்கைச் சோதிக்கும் ஒரு தொடர் உண்டு, பொருளற்ற இணைப்புச் சொற்களின் கோவை. அதை மொழிபெயர்க்கவே முடியாது. 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்ற பொருள்படும் ஹிந்தித் தொடரை வைத்தார்கள். சொல் எதுவும் மிஞ்சவில்லை, சோதனை மிஞ்சியது.

இத்தனையும் செய்த பிறகுதான் எடைக்கல் வரும். தமிழ்ப் படிவத்தை நிரப்பிய அதே ஆட்களை, படிவத்தில் என்ன வந்தது என்று தெரியாத ஒரு மருத்துவர் தனியே உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பார். அவர் முடிவும் தாளின் முடிவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடுவார்கள். மீன் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணி பெரிதானால் மீன் நழுவும், சிறிதானால் குப்பையும் சேரும். மனச்சோர்வுக்கான 'பிஹெச்க்யூ-9' படிவம் 2001-இல் வெளிவந்தபோது, 27-க்கு 10 மதிப்பெண் என்ற எல்லையில் நோயுள்ளவர்களில் 88 சதவீதத்தைப் பிடித்தது, நோயில்லாதவர்களில் 88 சதவீதத்தைச் சரியாக விட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. 1000 பேரில் 100 பேருக்கு நோய் என்று வைத்துப் பாருங்கள். 88 பேர் அகப்படுவார்கள், 12 பேர் தப்புவார்கள். நோயில்லாத 900 பேரில் 108 பேரும் வலையில் விழுவார்கள். சொந்த ஊரிலேயே இந்த வலை இவ்வளவுதான். மொழி மாறும்போது எல்லைக்கோட்டை மறுபடி பார்க்காமல் விட்டால் எத்தனை பேர் நழுவுவார்கள்?

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கான எடின்பரோ படிவம் இதற்குச் சரியான சாட்சி. ஜான் காக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் உருவாக்கியது. 10 கேள்விகள், 30 மதிப்பெண். பிரிட்டனில் 12-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டியவர் என்று வைத்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட தமிழ் வடிவத்தில் அந்த எல்லை 9-க்கு இறங்கியது. இலங்கையில் சிங்கள வடிவத்துக்கும் 9 என்றே வந்தது. பழைய எல்லையையே வைத்திருந்தால், 10 மதிப்பெண் வாங்கிய தாயிடம் 'நல்லா இருக்கீங்க' என்று சொல்லி அனுப்பியிருப்போம். பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது என்பதை நினைத்தால், இந்தச் சில மதிப்பெண் வித்தியாசத்தின் கனம் புரியும்.

வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்து 2002-இல் வெளியான இன்னோர் ஆய்வு, பிரசவித்த பெண்களில் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்ததாகக் கண்டது. அதற்கு இட்டுச்சென்றவற்றில் குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது ஆகியவை இருந்தன. மாமியாரைப் பற்றி எடின்பரோ படிவம் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

அப்படி உள்ளூரிலிருந்தே தொடங்கியவர்களில் முன்னோடி, மனநல மருத்துவர் விக்ரம் படேல். 1990-களில் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் வேலை செய்தபோது, அங்கே மனநோயாளிகளும் பாரம்பரிய வைத்தியர்களும் என்ன சொற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுச் சேகரித்தார். அடிக்கடி வந்த சொல் 'குஃபுங்கிசிசா'. ஷோனா மொழியில் அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அந்தச் சொற்களைக் கொண்டே 14 கேள்விகளில் ஷோனா அறிகுறிப் படிவம் உருவானது. பின்னாளில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ஹராரேயின் சுகாதார நிலையங்களுக்கு வெளியே மரபெஞ்சுகளைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை ஆலோசனை சொல்ல அமர்த்திய திட்டத்தில், யாருக்கு உதவி தேவை என்று கண்டுபிடிப்பது இந்தப் படிவத்தால்தான். அத்திட்டம் பலன் தருவதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. மொழிபெயர்த்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டிமார்கள் இதைச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

'குஃபுங்கிசிசா' நமக்கு அந்நியமா? 'ராத்திரியெல்லாம் ஒரே யோசனை', 'யோசிச்சு யோசிச்சே உடம்பைக் கெடுத்துக்கிட்டா' என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம். 'மனசு பாரமா இருக்கு', 'வாழ்க்கையே வெறுத்துப்போச்சு', 'நெஞ்சை அடைக்குது', 'சோறு இறங்க மாட்டேங்குது' என்று நம்மவர்கள் துயரத்துக்கு வைத்திருக்கும் சொற்கள் ஏராளம். அவற்றைக் கேட்டுச் சேர்த்து, சோதித்து, தமிழிலேயே பிறந்த ஒரு படிவம் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்க வேண்டும். திருநெல்வேலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் வேறு வேறு சொல் தேவைப்பட்டால் வேறு வேறாகவே இருக்கட்டும்.

அதுவரை, உங்களிடமோ உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமோ யாராவது படிவத்தோடு வந்தால் ஒன்று செய்யுங்கள். கேள்வித்தாள் என்றாலே நமக்குப் பரீட்சை நினைப்பு வந்துவிடுகிறது. சரியான விடை சொல்ல வேண்டும், கேட்பவர் மனம் கோணக் கூடாது என்று புரியாத கேள்விக்கும் தலையாட்டிவிடுகிறோம். ஆட்டாதீர்கள். 'புரியலைம்மா, வேற மாதிரி கேளுங்க' என்று சொல்லுங்கள். எங்களிடம் குளியல் தொட்டி கிடையாது, தரையில் உட்காரத்தான் முடியவில்லை என்று சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறவர் அதைத் தாளின் ஓரத்திலாவது குறித்துவைக்கட்டும்.